ஈஆர்பி கணக்கு: செட்டில் 25 வாட், ஆண்டெனாவிலிருந்து கிளம்புவது எத்தனை?

1 | மொட்டைமாடி145

வணக்கம் ஓஎம்களே, அமெச்சூர் ரேடியோ நண்பர்களே. விவரத்தை முதலிலேயே போட்டுவிடுகிறேன்.

பேண்ட்: 2 மீட்டர், 145 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம். செட் 25 வாட். ஆண்டெனா, வீட்டிலேயே செய்த கால் அலை கிரவுண்ட் பிளேன், தரையிலிருந்து சுமார் 9 மீட்டர். கேபிள் ஆர்ஜி-58, 30 மீட்டர். செட் பக்கம் எஸ்டபிள்யூஆர் (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.3.

40 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) இங்கே சுத்தமாகக் கேட்கிறது. இங்கிருந்து போனால் ரிப்பீட்டர் திறக்கிறது, ஆனால் பேச்சு முழுக்க இரைச்சல். 60 வாட் லீனியர் (பவர் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. வாங்கலாமா? ஈஆர்பி பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். அதை எப்படிப் பார்ப்பது?

2 | டெசிபல் தாத்தா

லீனியரை அப்படியே வையுங்கள். முதலில் கணக்கு.

ஈஆர்பி என்றால் ஆண்டெனா தன் முக்கியத் திசையில் அனுப்புகிற பலத்தை, ஒரு அரை அலை டைபோலோடு (அரை அலைநீளமுள்ள, நடுவில் ஊட்டும் எளிய ஆண்டெனா) ஒப்பிட்டுச் சொல்வது. "இந்தத் திசையில் இதே பலம் வர வேண்டுமானால் ஒரு டைபோலுக்கு எத்தனை வாட் ஊட்ட வேண்டும்?" என்ற கேள்விக்கு விடைதான் அது. எல்லாத் திசைக்கும் சமமாக அனுப்புகிற கற்பனைப் புள்ளியோடு ஒப்பிட்டால் அது ஈஐஆர்பி. இரண்டுக்கும் நடுவே 2.15 டிபி (டெசிபல்), அதாவது 1.64 மடங்கு. ஆண்டெனா விளம்பரத்தில் டிபிஐ (கற்பனைப் புள்ளியோடு ஒப்பிட்ட கெயின்) போட்டிருந்தால் 2.15 கழித்தால்தான் டிபிடி (டைபோலோடு ஒப்பிட்ட கெயின்). வெறும் "டிபி" என்று போட்டிருந்தால் அது டிபிஐ என்றே எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள்.

உங்கள் கணக்கு: சாதாரண ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டிபி தின்னும். 30 மீட்டருக்கு 6 டிபி. 6 டிபி என்றால் கால் பங்கு. 25 வாட்டில் மேலே போய்ச் சேருவது 6.25. கிரவுண்ட் பிளேன் கிட்டத்தட்ட டைபோல் மாதிரியேதான், 0 டிபிடி. ஆக ஈஆர்பி 6 வாட் சொச்சம். மீதி 18.75 வாட்டும் கேபிளுக்குத்தான் போகிறது.

60 வாட் லீனியர் போட்டால் மேலே 15 வாட். அதற்குக் காசு கொடுக்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

3 | ஈயப்பற்று

தாத்தா, மரியாதையோடு மறுக்கிறேன். எஸ்டபிள்யூஆர் 1.3 என்றால் ஆண்டெனா சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம். 18 வாட் கேபிளில் போகிறது என்றால் கேபிள் சுட வேண்டாமா? 18 வாட் சால்டரிங் அயர்ன் தொட முடியாத அளவுக்குச் சுடும்.

4 | டெசிபல் தாத்தா

சால்டரிங் அயர்னில் 18 வாட்டும் ஒரு விரல் நீளத்தில் இருக்கிறது. கேபிளில் அது 30 மீட்டருக்குப் பரவுகிறது. செட்டை ஒட்டிய முதல் மீட்டரில் 0.2 டிபி இழப்பு, அதாவது ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆண்டெனா பக்கத்துக் கடைசி மீட்டரில் 0.3 வாட்கூட இல்லை. அதுவும் நீங்கள் பேசும் நேரம் மட்டும். கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் இந்த இழப்பை யாரும் கவனிப்பதில்லை.

எஸ்டபிள்யூஆர் விஷயத்தைச் செம்புக்கம்பி சொல்வார், அவருக்கு அதில் தனிக் கோபமே உண்டு.

5 | செம்புக்கம்பி

கோபம்தான்.

செட் பக்கம் மீட்டர் வைத்தால் அது பார்ப்பது ஆண்டெனாவை மட்டும் அல்ல, நடுவில் இருக்கும் கேபிளையும் சேர்த்து. மேலே போகும் அலை 6 டிபி இழக்கிறது. ஆண்டெனாவில் மோதித் திரும்புவது வரும் வழியில் இன்னும் 6 டிபி இழக்கிறது. மொத்தம் 12 டிபி. இப்போது ஆண்டெனாவையே கழற்றி எறிந்துவிட்டு கேபிள் நுனியை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். போனது முழுவதும் திரும்பும், 12 டிபி இழந்து வந்து சேரும். மீட்டர் காட்டுவது 1.67.

ஆண்டெனாவே இல்லாமல் 1.67! செட் சந்தோஷமாக முழு பவர் கொடுக்கும்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்கள் 1.3-இன் லட்சணம் தெரியும். 1.3 என்றால் பிரதிபலிப்புக் கெழு 0.13. இதை 12 டிபி பின்னால் தள்ளினால், அதாவது 3.98-ஆல் பெருக்கினால், ஆண்டெனா முனையில் 0.52. அதற்கு எஸ்டபிள்யூஆர் 3.2. மேலே ஏதோ கெட்டுப்போய் இருக்கிறது. இந்தப் பொருத்தக்கேட்டையும் சேர்த்தால் கேபிளின் மொத்த இழப்பு 6 அல்ல, 7.3 டிபி. ஈஆர்பி 5 வாட்டுக்கும் கீழே. தாத்தா உங்களுக்குச் சொன்ன 6 வாட்டே தாராளக் கணக்கு.

ஏறிப் பாருங்கள். முதலில் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கவும்.

6 | மொட்டைமாடி145

கழற்றியாயிற்று. பிஎல்-259 கனெக்டரிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே நடுப் பின்னைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறது. மேலே சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றியிருந்தது.

ஆண்டெனா அளவு: நடுக் குச்சி 51.7 செமீ, கீழே நாலு குச்சி, அதே அளவு, கிடைமட்டமாக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 30 மீட்டரும் ஓடவில்லை. செட்டிலிருந்து ஆண்டெனா வரை 18 மீட்டர்தான். மிச்சம் 12 மீட்டரைச் சுருட்டி மேஜைக்குப் பின்னால் கட்டி வைத்திருக்கிறது.

7 | டெசிபல் தாத்தா

தம்பி, அந்தச் சுருளை இன்றைக்கே வெட்டுங்கள். 12 மீட்டர், 2.4 டிபி. "பின்னால் உதவும்" என்று சுருட்டி வைத்த கேபிளுக்கும் நீளம் நீளம்தான். 18 மீட்டர் மட்டும் என்றால் இழப்பு 3.6 டிபி, மேலே போவது 11 வாட். ஒரு கத்தி, ஒரு கனெக்டர், 6 வாட் 11 ஆகிறது.

8 | செம்புக்கம்பி

51.7 செமீ என்ற எண்ணைப் பார்த்ததும் புரிந்தது. 300-ஐ 145-ஆல் வகுத்து, அதை 4-ஆல் வகுத்து அப்படியே வெட்டியிருக்கிறீர்கள். அது வெற்றிடத்தில் கால் அலை. கம்பியில் நுனி விளைவால் சுமார் 5 சதவீதம் குறைக்க வேண்டும், 49 செமீ. உங்கள் ஆண்டெனா 138 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உட்கார்ந்திருக்கும்.

நேராக 49-க்கு வெட்ட வேண்டாம். 50-க்கு வெட்டி, பார்த்து, 3 மில்லிமீட்டர் 3 மில்லிமீட்டராக இறங்குங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. கீழ்க் குச்சிகள் 51-52 இருக்கட்டும், ஆனால் கிடைமட்டமாக விடாமல் 45 பாகை கீழே வளையுங்கள். கிடைமட்டமாக இருந்தால் ஊட்டுமுனை மின்மறுப்பு 36 ஓம் பக்கம், வளைத்தால் 50-க்கு வரும்.

ஆனால் நீளத் தவறு மட்டும் 3.2 காட்டாது. இரண்டுக்குள் முடிந்திருக்கும். மீதி அந்தத் தண்ணீர்.

9 | ஈயப்பற்று

சரி, ஒப்புக்கொள்கிறேன், 1.67 கணக்கை இங்கே செய்து பார்த்தேன். ஆண்டெனா இல்லாமல் 1.6 வந்தது. தலை சுற்றுகிறது.

அப்படியென்றால் கேபிள் இழப்பை அட்டவணையை நம்பாமல் நேரடியாக அளக்க வழி உண்டா?

10 | செம்புக்கம்பி

அதே தத்துவம்தான் வழி. நானோவிஎன்ஏ (ஆண்டெனா, கேபிளை அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் ஐந்து நிமிட வேலை.

அலைவரிசையை 140 முதல் 150 வரை வையுங்கள். ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் கொண்டு காலிப்ரேஷன் செய்யுங்கள். உங்கள் எஸ்எம்ஏ அடாப்டரின் நுனியில் செய்வதே நல்லது. கேபிளின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். எஸ்11 லாக்மேக் (திரும்பி வரும் அலை, டிபியில்) பாருங்கள். 145-இல் என்ன காட்டுகிறதோ அதில் பாதி, ஒரு வழி இழப்பு. மைனஸ் 7.2 என்றால் 3.6 டிபி. பிறகு மறுமுனையை ஷார்ட் செய்து இன்னொரு தடவை, இரண்டின் சராசரி எடுத்தால் இன்னும் துல்லியம்.

கவனம்: ஆர்ஜி-213 போன்ற கனமான கேபிளை நேராக அந்தச் சின்ன எஸ்எம்ஏ சாக்கெட்டில் தொங்கவிட்டால் சாக்கெட் பிடுங்கிக்கொள்ளும். நடுவில் ஒரு சாண் மெல்லிய ஜம்பர் போட்டு, அதன் நுனியில் காலிப்ரேஷன் செய்யுங்கள்.

விஎன்ஏ இல்லாதவர்கள் வாட் மீட்டரும் டம்மி லோடும் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் மின்தடை) கொண்டு பார்க்கலாம். செட் பக்கம் ஒரு தடவை, மாடியில் கேபிள் நுனியில் டம்மி லோடு மாட்டி ஒரு தடவை. அதே மீட்டர், அதே பவர். இரண்டு வேறு மீட்டர் வைத்து எடுத்தால் மீட்டர்களின் வித்தியாசத்தைத்தான் அளப்பீர்கள். எச்எஃப் மீட்டரை 145-இல் நம்பவே வேண்டாம்.

11 | மொட்டைமாடி145

கேபிளை மாற்றுவது என்றால் எது? எல்எம்ஆர்-400 விலை கேட்டால் மயக்கம் வருகிறது. டிஷ் டிவிக்குப் போடுகிற ஆர்ஜி-6 போடலாமா?

12 | ஈயப்பற்று

ஆர்ஜி-6 75 ஓம். நமக்கு 50 ஓம் வேண்டும். கூடாது.

13 | டெசிபல் தாத்தா

கூடாது என்று ஒன்றும் இல்லை, தெரிந்து போட வேண்டும்.

145-இல் 18 மீட்டருக்குத் தோராய இழப்பு: ஆர்ஜி-58 3.6 டிபி. ஆர்ஜி-213 1.6. ஆர்ஜி-6 1.4. எல்எம்ஆர்-400 0.9. விலைக்குப் பார்த்தால் ஆர்ஜி-6 ஆர்ஜி-213-ஐயே தொட்டுவிடுகிறது. நடுக் கம்பி செம்பு பூசிய எஃகாக இருந்தாலும் இந்த அலைவரிசையில் மின்னோட்டம் மேல்தோலிலேயே ஓடுவதால் பரவாயில்லை. அதே கேபிளை 80 மீட்டர் பேண்டுக்குப் போட்டால் தோல் ஆழம் கூடி எஃகுக்குள் இறங்கும், இழப்பும் எதிர்பார்த்ததைவிடக் கூடும்.

பொருத்தக்கேடு: 50 ஓம் ஆண்டெனாவும் 75 ஓம் கேபிளும் சேர்ந்தால் கேபிளின் நீளத்தைப் பொறுத்து செட் பார்க்கும் எஸ்டபிள்யூஆர் 1-இலிருந்து 2 வரை எங்கும் விழலாம். கேபிள் அரை அலையின் முழு மடங்காக இருந்தால் மேலே இருக்கும் 50 ஓம் அப்படியே கீழே தெரியும். ஃபோம் உள்ள ஆர்ஜி-6-க்கு வேகக் காரணி (கேபிளில் அலையின் வேகம், ஒளிவேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0.83 பக்கம், அரை அலை 86 செமீ, 21 மடங்கு 18 மீட்டர்.

இதை டேப்பால் அளந்து வெட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வருவார்கள். வேகக் காரணியில் 1 சதவீதம் தப்பினால் 21 மடங்கில் அது 18 செமீ தப்பு. அரை மீட்டர் கூட விட்டு வெட்டுங்கள். மேல் நுனியில் 50 ஓம் லோடு மாட்டி, கீழே எஸ்டபிள்யூஆர் பார்த்துக்கொண்டே 5 செமீ 5 செமீயாகக் குறையுங்கள். 1.1 வந்ததும் நிறுத்துங்கள்.

14 | செம்புக்கம்பி

ஆர்ஜி-6-இன் உண்மையான தொல்லை ஓம் இல்லை, கனெக்டர். ஜடை, அதாவது வெளிப் பின்னல், அலுமினியம், அதில் ஈயம் ஒட்டாது. பிஎல்-259-ஐ அதில் சால்டர் செய்ய முயன்று உள் ஃபோமை உருக்கி, நடுக் கம்பி சாய்ந்து ஷார்ட் ஆகும். கம்ப்ரஷன் எஃப் கனெக்டர் போட்டு, எஃப்-இலிருந்து பிஎல்-க்கு அடாப்டர் போடுங்கள். 25 வாட்டுக்குத் தாங்கும்.

இன்னொரு புரளியையும் இங்கேயே புதைத்துவிடுகிறேன். "பிஎல்-259 ஒவ்வொன்றும் அரை டிபி தின்னும்" என்பார்கள். 145-இல் ஒழுங்காகப் போட்ட பிஎல்-259-இன் இழப்பு அளக்கவே சிரமமான அளவு. ஒன்றில் அரை டிபி போனால் 25 வாட்டுக்கு அங்கேயே 2.7 வாட் சூடு, அந்தச் சின்ன இரும்பு கையைச் சுடும். சுடவில்லையே. 435-க்கு மேல் என்-வகை (N) கனெக்டர் போடுங்கள், அது வேறு. பிஎல்-259-இன் பாவம் இழப்பு அல்ல, மழைக்கு மூடாதது. என்-வகைக் கனெக்டரில் ரப்பர் வளையம் உண்டு, இதில் இல்லை.

மூடும் முறை: தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, கீழிருந்து மேலாக, ஓட்டு வேலை மாதிரிப் பாதி பாதி மேலேற்றிச் சுற்றுங்கள். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே அழைக்கும். அதன்மேல் வெயிலுக்காக ஒரு சுற்று கறுப்பு பிவிசி டேப். கனெக்டருக்குக் கீழே கேபிளில் ஒரு தொங்கு வளைவு விடுங்கள், வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் ஒன்று. வழிகிற தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது.

15 | ஈயப்பற்று

லீனியரைப் பற்றி யாரும் கடைசி வார்த்தை சொல்லவில்லையே. கேபிளையும் மாற்றி லீனியரும் போட்டால்?

16 | டெசிபல் தாத்தா

கேபிளில் மீட்டெடுக்கும் ஒவ்வொரு டிபியும் கேட்பதற்கும் பேசுவதற்கும் இரண்டுக்குமே உதவும். லீனியர் பேச மட்டும். காது அப்படியே இருக்க வாயை மட்டும் பெரிதாக்கினால் பேண்டில் அதற்கு ஒரு பெயர் உண்டு, முதலை. ரிப்பீட்டருக்கு இது பெரிதாகத் தெரியாது. சிம்ப்ளெக்ஸில் (ரிப்பீட்டர் இல்லாமல் நேராக) போனால் எதிர்முனை கூப்பிடும், உங்களுக்குக் கேட்காது.

எண்ணாகவே பாருங்கள். 18 மீட்டர் எல்எம்ஆர்-400, இழப்பு 0.9. மேலே 3 எலிமென்ட் குட்டை பூம் யாகி (ஒரு திசையில் குவித்து அனுப்பும் ஆண்டெனா; குச்சிகளைத் தாங்கும் தண்டுதான் பூம்), 5 டிபிடி. மொத்தம் கூட்டல் 4.1 டிபி, 2.57 மடங்கு. அதே 25 வாட்டில் ஈஆர்பி 64 வாட். உங்கள் பழைய ஏற்பாட்டில், தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமலே, 64 வாட் ஈஆர்பி வேண்டுமென்றால் செட்டிலிருந்து 256 வாட் விட வேண்டும். எது மலிவு?

முக்கியம்: உரிமத்தில் இருக்கும் பவர் வரம்பைப் படித்துவிட்டு லீனியர் பக்கம் போங்கள். வரம்பு எந்தப் பவருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். டிரான்ஸ்மிட்டர் வெளியீடா, உள்ளே போகும் டிசி பவரா, ஈஆர்பியா, ஈஐஆர்பியா என்று வரி வரியாகப் பாருங்கள்.

17 | செம்புக்கம்பி

யாகி போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்:

ரிப்பீட்டர் ஆண்டெனா செங்குத்து. யாகியின் எலிமென்ட்களும் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்க வைத்தால் துருவமுனைப்பு பொருந்தாமல் 20 டிபி போகும். 64 வாட் ஈஆர்பி 0.64 ஆகிவிடும், அதற்கு ஒரு ஹேண்டியே (கையடக்க செட்) போதும்.

செங்குத்து யாகியை நடு பூமில் பிடித்து ஜிஐ பைப்பில் மாட்டினால் பைப்பும் எலிமென்ட்களுக்கு இணையாக நடுவில் நிற்கும். அது தானும் ஒரு எலிமென்டாகிவிடும். திசை கோணும், எஸ்டபிள்யூஆர் அலையும். பூமை ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் நீட்டி, அந்த முனையில் பிடியுங்கள். அல்லது மேல் ஒன்றரை மீட்டருக்கு ஃபைபர் குழாய் போடுங்கள். கேபிளையும் எலிமென்டுக்கு இணையாகத் தொங்கவிடாமல் பூமோடு பின்னால் கொண்டுபோங்கள்.

கெயின் விளம்பரம்: யாகியில் பூம் நீளம்தான் பேசும். நீளம் இரட்டித்தால் 2 முதல் 2.5 டிபி கூடும், அவ்வளவுதான். 60 செமீ பூமுக்கு 9 டிபிடி போட்டிருந்தால் அந்தப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

18 | மொட்டைமாடி145

உயரத்தைக் கூட்டினால் ஈஆர்பி கூடுமா?

19 | டெசிபல் தாத்தா

கூடாது. ஈஆர்பி கணக்கில் உயரமே கிடையாது. ஆனால் எதிர்முனையில் விழும் சிக்னலில் உயரம் உண்டு. சமதரையில், இரண்டு நிலையங்களும் தாழ்வாக இருக்கும்போது, உயரத்தை இரட்டித்தால் தொலைவில் சுமார் 6 டிபி கூடும். மலைமேல் ரிப்பீட்டர் என்றால் கதை வேறு. ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் 4.12 பெருக்கல் இரண்டு உயரங்களின் வர்க்கமூலக் கூட்டல். ரிப்பீட்டர் 100 மீட்டரில் என்று வைத்தால், நீங்கள் 6 மீட்டரில் இருந்தால் 51 கிமீ, 12 மீட்டரில் இருந்தால் 55. பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே உயரத்தின் வேலை பக்கத்து வீட்டுத் தண்ணீர் தொட்டியையும் தென்னை மட்டையையும் தாண்டுவதுதான். அந்தத் திசையில் தடை இல்லையென்றால் இன்னும் 3 மீட்டர் பைப்புக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் உயரத்துக்குக் கட்டாயக் காரணம். 64 வாட் ஈஆர்பி என்றால் ஈஐஆர்பி 105. யாகிக்கு நேர் முன்னால் மின்புலம் மீட்டருக்கு 28 வோல்ட்டாக இறங்கக் குறைந்தது 2 மீட்டர் வேண்டும். 30 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு அளவு அந்த 28-தான். சூத்திரம்: 30-ஐ ஈஐஆர்பியால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து 28-ஆல் வகுக்கவும். மாடியில் துணி காயப்போடும் கொடியின் மட்டத்தில் யாகியை வைக்காதீர்கள். எஃப்எம்மில் பிடிடி (பேசும் பொத்தான்) அமுக்கியிருக்கும் வரை முழு பவர், எஸ்எஸ்பி மாதிரி ஏறி இறங்காது.

20 | நெடுஅலை

எல்லோரும் ஈஆர்பியைக் கூட்டும் வழியைப் பேசுகிறீர்கள். அதைக் கட்டுப்படுத்தும் பேண்டுகளும் இருக்கின்றன, அங்கேதான் கணக்கு கட்டாயம்.

60 மீட்டரில் 2015 உலக வானொலி மாநாடு அமெச்சூர்களுக்குக் கொடுத்த 5351.5 முதல் 5366.5 கிலோஹெர்ட்ஸ் துண்டில் பொது வரம்பு 15 வாட் ஈஐஆர்பி. டைபோல் என்றால் 15-ஐ 1.64-ஆல் வகுத்து, ஆண்டெனா முனையில் 9.15 வாட். கேபிள் 1 டிபி தின்றால் செட்டில் 11.5 வரை வைக்கலாம். இழப்புள்ள கேபிள் இங்கே உங்களைக் காப்பாற்றும்! அமெரிக்காவில் 60 மீட்டர் சானல்களுக்கு வரம்பு 100 வாட் ஈஆர்பி. டைபோலின் கெயினை 1 என்றே விதி எடுத்துக்கொள்கிறது. வேறு ஆண்டெனா வைத்தால் கெயின் கணக்கை நிலையப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும்.

630 மீட்டர் இன்னும் சுவையானது. 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ், 2012 மாநாட்டின் முடிவு, அடிப்படை வரம்பு 1 வாட் ஈஐஆர்பி, சில சூழலில் 5. "ஒரு வாட்டா, ஹேண்டியைவிடக் குறைவு" என்று சிரிப்பார்கள். 12 மீட்டர் உயரச் செங்குத்து, மேலே நன்றாக விரித்த தொப்பிக் கம்பிகள் என்று எடுங்கள். அலைநீளம் 631 மீட்டர். கதிர்வீச்சு மின்தடை வெறும் 0.57 ஓம். தொப்பி இல்லாவிட்டால் அதில் கால் பங்கு. மண்ணும் சுருளும் சேர்ந்து இழப்பு 30 ஓம் என்றால் செயல்திறன் 2 சதவீதத்துக்கும் கீழே. தரைமேல் குட்டைச் செங்குத்தின் திசைக்கெயின் 3 மடங்கு. 1 வாட் ஈஐஆர்பிக்கு 18 வாட் ஊட்ட வேண்டும், 5 வாட்டுக்கு 90.

அளக்க வாட் மீட்டர் வேண்டாம், ஆண்டெனா அடியில் ஆர்எஃப் அம்மீட்டர் போதும். 1 வாட் ஈஐஆர்பிக்கு 0.76 ஆம்பியர், 5-க்கு 1.7. ஈஐஆர்பி என்பது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் கதிர்வீச்சு மின்தடை பெருக்கல் 3. மண் ஈரமானால் இழப்பு மாறும், அதே பவருக்கு மின்னோட்டமும் மாறும். அதனால் மழைக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரைப் பாருங்கள்.

ஆண்டெனா கொள்ளளவு 200 பிகோஃபாரட் என்றால் ஒத்திசைவுக்குச் சுருள் 560 மைக்ரோஹென்ரி. 1.7 ஆம்பியரில் சுருளின் மேல் முனையில் 2,800 வோல்ட்டுக்கு மேல். ஐந்து வாட் பேண்ட் என்று யாரையாவது அந்தக் கம்பியைத் தொட விட்டுவிடாதீர்கள்.

21 | தட்டுஆண்டெனா

நெடுஅலைக்கு நேர் எதிர்முனையிலிருந்து ஒரு குரல். கியூஓ-100 அமெச்சூர் செயற்கைக்கோள், 2018 நவம்பரில் ஏவியது, 26 பாகை கிழக்கில் நிற்கிறது. மேலேற்றம் 2400 மெகாஹெர்ட்ஸ், இறக்கம் 10489.5-இலிருந்து. சென்னையிலிருந்து திசை 261 பாகை, அதாவது மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே, உயரக் கோணம் 27. மேற்கே தென்னை இருந்தால் கஷ்டம்.

75 செமீ தட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 23 டிபிஐ, 200 மடங்கு. 5 வாட் ஆம்ப்ளிஃபயரைத் தட்டின் கழுத்திலேயே வைத்தால் 1,000 வாட் ஈஐஆர்பி. அதே ஆம்ப்ளிஃபயரை மேஜையில் வைத்து 10 மீட்டர் ஆர்ஜி-58 ஓட்டினால், அங்கே மீட்டருக்கு 1 டிபி, 100 வாட்தான். எல்எம்ஆர்-400 போட்டாலும் 600. அதனால் ஆர்எஃப்-ஐ ஓட்டாதீர்கள், டிசியை ஓட்டுங்கள்.

எல்லோரும் விழும் குழி: மேலேற்றம் வலச்சுழல் துருவமுனைப்பு. தட்டில் பட்டதும் சுழல் திரும்பிவிடும். எனவே ஃபீட் (தட்டின் முன்னால் நிற்கும் சின்ன ஆண்டெனா) இடச்சுழலாக இருக்க வேண்டும். ஃபீடை வலச்சுழலாகச் சுற்றி, சிக்னல் வரவில்லையே என்று ஆம்ப்ளிஃபயரைப் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். அதிகம் போனாலும் தப்பு. செயற்கைக்கோளின் பீக்கனைவிட (அடையாள சிக்னல்) பலமாக இருக்கக்கூடாது. இருந்தால் "லைலா" என்ற கருவி உங்கள் அலைவரிசைமேல் சைரன் போடும், எல்லோருக்கும் கேட்கும்.

அந்த அலைவரிசை உங்கள் உரிமத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.

22 | மொட்டைமாடி145

இதுவரை நடந்தது. குச்சியை வெட்டி 49.1 செமீயில் நிறுத்தினேன், கீழ்க் குச்சிகளை வளைத்தாயிற்று. ஆண்டெனாவில் நேராக விஎன்ஏ வைத்தால் 145-இல் 1.15. சுருளை வெட்டி 18 மீட்டர் ஆக்கினேன், இரண்டு முனையிலும் புதுக் கனெக்டர்.

ஆனால் கேபிள் மட்டும் திறந்த முனையில் மைனஸ் 9.6 காட்டுகிறது. ஷார்ட் செய்தாலும் அதே. அப்படியென்றால் 4.8 டிபி, தாத்தா சொன்ன 3.6 இல்லை.

23 | ஈயப்பற்று

காலிப்ரேஷன் தப்பாக இருக்குமோ?

24 | செம்புக்கம்பி

திறந்தும் மூடியும் ஒரே எண் வந்திருக்கிறது, காலிப்ரேஷன் சரிதான். 1.2 டிபி கூடுதல் என்பது கேபிளின் வயதும் தண்ணீரும். கனெக்டரில் நின்ற தண்ணீர் அங்கேயே நிற்காது, திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல ஜடை வழியாகக் கீழே இறங்கும். செம்பு கறுத்துப்போனால் ஜடையின் இழை இழைக்கு நடுவே தொடர்பு கெடும், இழப்பு கூடும்.

மாடி முனையில் ஒரு சாண் உறையை உரித்துப் பாருங்கள். ஜடை பளபளவென்று இருந்தால் கேபிள் பிழைத்தது. கறுப்பு என்றால் இன்னும் ஒரு சாண் வெட்டி உரியுங்கள். பளபளப்பு வரும் வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். விஎன்ஏவில் நேர அளவீட்டு முறை இருந்தால் வேகக் காரணி 0.66 வைத்து எந்த இடத்தில் மேடு வருகிறது என்றும் பார்க்கலாம், ஆனால் ஈரம் பரவலாக இருந்தால் தனி மேடு எதுவும் தெரியாது. கத்திதான் நம்பகம்.

25 | மொட்டைமாடி145

2 மீட்டர் வெட்டியாயிற்று. இன்னும் கறுப்பு.

26 | டெசிபல் தாத்தா

நிறுத்துங்கள் தம்பி. 2 மீட்டர் தாண்டியும் கறுப்பு என்றால் மிச்சத்துக்கு ஆர்எஃப் ராசி இல்லை. ஆர்ஜி-6 வாங்கி வாருங்கள், 18.5 மீட்டர் வெட்டி எடுங்கள், அரை மீட்டர் டியூனிங்குக்கு. அந்தப் பழைய கேபிளைத் தூக்கி எறிய வேண்டாம், துணிக்கொடி கட்ட நல்ல பலம். யாகிக்கு 2 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள்.